விளையாட்டுச் சமூகவியல் படித்தால் எங்கே வேலை? கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு ஒரு விளக்கம்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும், கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்துக்கும் புதுச்சேரி உப்பளம் மைதானத்துக்கும் பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டி வரும் பெற்றோர் கேட்பது இதைத்தான்: விளையாட்டை விடாமல் படிக்க என்ன படிப்பு இருக்கிறது? உடற்கல்வி எல்லோருக்கும் தெரியும். ஸ்போர்ட்ஸ் சயின்ஸ், ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட், ஸ்போர்ட்ஸ் சைக்காலஜி என்று விளம்பரங்கள் வருகின்றன. அந்த வரிசையில் விளம்பரமே இல்லாமல் காதில் விழும் பெயர் விளையாட்டுச் சமூகவியல். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. 2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கின்றன. விளையாட்டுக்குள் இவ்வளவு பணமும் சட்டமும் வரும்போது, அதைச் சமூகக் கண்ணோடு பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கும் என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. அது எந்த அளவுக்கு உண்மை என்று பார்க்க, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

இது என்ன படிப்பு?

நேரடியாக ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் வாழ்க்கையே தலைகீழானது. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு, உலகத் தரவரிசைக்குரிய போட்டிகளின் மகளிர் பிரிவில் கலந்துகொள்ளும் எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

இதே விஷயத்தை ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கும்.

1. உடலியங்கியல் படித்தவர், ஹார்மோன் அளவு ஓட்டத்தின் வேகத்தை எவ்வளவு மாற்றும் என்று அளப்பார்.
2. விளையாட்டு உளவியலாளர், பதக்கம் பறிபோன ஓர் ஓட்டக்காரரை மன அழுத்தத்திலிருந்து எப்படி மீட்பது என்று பார்ப்பார்.
3. மேலாண்மை படித்தவர், போட்டியை எப்படி நடத்துவது, ஸ்பான்சரை எப்படிப் பிடிப்பது என்று கணக்குப் போடுவார்.
4. சமூகவியலாளர் கேட்பது வேறு. யார் பெண் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? அந்தப் பரிசோதனை யார் மேல் அதிகம் பாய்ந்திருக்கிறது? கிராமத்திலிருந்து, ஏழைக் குடும்பத்திலிருந்து வந்த ஓர் ஓட்டக்காரருக்கு வக்கீலும் மருத்துவரும் கூட இல்லாதபோது அந்த விதி எப்படி வேலை செய்கிறது? செய்தித்தாள்கள் அவரைப் பற்றி எந்தச் சொற்களில் எழுதின?

அதாவது, சாதி, வர்க்கம், பால், இனம், ஊர், அரசு, சந்தை ஆகியவை விளையாட்டுக்குள் எப்படி நுழைகின்றன, விளையாட்டு அவற்றை எப்படி மாற்றுகிறது அல்லது மாற்றாமல் விடுகிறது என்பதை ஆராயும் சமூகவியலின் ஒரு கிளை இது. பயிற்சியாளராவதற்கு இந்தப் படிப்பு உதவாது. நன்றாக விளையாடியிருந்தால் மைதானம் பழகிய இடமாக இருக்கும், அவ்வளவுதான்.

துறை ஒன்றும் புதிதல்ல. இதற்கான சர்வதேச அமைப்பு 1965-லும் அதன் ஆய்விதழ் 1966-லும் தொடங்கின. டிரினிடாடின் சி.எல்.ஆர். ஜேம்ஸ் கிரிக்கெட்டையும் நிறவெறியையும் சேர்த்து எழுதினார். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நார்பெர்ட் எலியாஸும் எரிக் டன்னிங்கும் விளையாட்டையும் வன்முறையையும் ஆராய்ந்தார்கள். எந்த வர்க்கத்தார் எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏன் என்று கேட்டார் பிரான்சின் பியர் பூர்தியு. இந்தியாவில், பல்வங்கர் பாலுவின் கதையை வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா மீட்டெடுத்தார். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்த பந்துவீச்சாளர் பாலு. தலித் என்பதால் புனேயில் அவருக்குத் தேநீர் தனிக் குவளையில், பெவிலியனுக்கு வெளியே தரப்பட்டது. இந்து அணிக்கு அவர் கடைசிவரை கேப்டன் ஆக்கப்படவில்லை. ஆட்டத்தின் ஸ்கோர் கார்டில் இது எதுவும் இருக்காது.

ஒரு கபடி நோட்டீஸை வாசிப்பது எப்படி?

இந்தத் துறையில் இருப்பவர் அன்றாடம் செய்வது என்ன என்பதற்குப் புத்தகத்தைவிட நம் ஊர்ச் சுவரே நல்ல உதாரணம். கடலூர் மாவட்டத்தில் கோயில் திருவிழாவையோ பொங்கலையோ ஒட்டி "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி" என்ற நோட்டீஸை எல்லோரும் பார்த்திருப்போம். அதை மேலிருந்து கீழாக நிதானமாகப் படியுங்கள்.

மேலே தெய்வத்தின் படம். அதன் கீழ் தலைவர்களின் படங்கள். எந்தத் தலைவர்கள் என்பதிலிருந்தே போட்டியை நடத்தும் தெருவைப் பல நேரம் சொல்லிவிடலாம். அடுத்து "நினைவாக" என்ற வரி: இறந்துபோன ஓர் இளைஞரின் பெயரில் கோப்பை வைத்திருப்பார்கள். அப்புறம் பரிசுத் தொகையும், அதை வழங்குபவர்களின் பெயரும். முதல் பரிசு தருபவர் யார், நான்காம் பரிசு தருபவர் யார் என்ற வரிசை அந்த ஊரில் பணமும் மரியாதையும் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதைக் காட்டும். ஒன்றியப் பொறுப்பாளர், ஒப்பந்ததாரர், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை செய்யும் நண்பர்கள் என்று அது நீளும். அதன் கீழே விதிகள்: எடைப் பிரிவு, நுழைவுக் கட்டணம், வெளியூர் ஆட்டக்காரர்களைச் சேர்க்கலாமா கூடாதா, கடைசியாக "கமிட்டியின் முடிவே இறுதியானது."

ஒரு ஆய்வாளருக்கு இதில் குறைந்தது மூன்று ஆய்வுக் கேள்விகள் இருக்கின்றன. ஊரில் எந்தத் தெரு அணி எந்தத் தெரு களத்தில் ஆடுவதில்லை? வெளியூர் ஆட்டக்காரரை அனுமதிப்பது பற்றிய விதி ஆட்டத் தரத்துக்காகவா, ஊர்ப் பெருமைக்காகவா, சண்டையைத் தவிர்க்கவா? பெண்கள் அங்கே பார்வையாளர்களாகக்கூட வருகிறார்களா?

2022 ஜூலையில் பண்ருட்டி பக்கம் ஒரு கபடி ஆட்டத்தின்போது இளைஞர் ஒருவர் களத்திலேயே உயிரிழந்தார். அவர் உடலுக்கு என்ன நேர்ந்தது என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. ஊர்ப் போட்டிகளில் முதலுதவி, ஆம்புலன்ஸ், காப்பீடு ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு, கமிட்டிக்கும் மாவட்டக் கபடிக் கழகத்துக்கும் அரசுக்கும் நடுவே அந்தப் பொறுப்பு எங்கே விழுந்து போகிறது என்பது சமூகவியலாளர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது. இந்தத் துறைக்கு ஏன் ஆள் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான காரணம் இல்லை.

நம் பகுதி ஏன் நல்ல களம்?

களத்துக்காக லண்டனுக்கோ டெல்லிக்கோ போகத் தேவையில்லை. கடலூருக்கும் காலாப்பட்டுக்கும் நடுவே இருப்பவை ஒரு ஆய்வாளரின் ஆயுளுக்குப் போதும்.

புதுச்சேரியில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ராணுவத்தினரும் அவர்கள் குடும்பத்தாரும் பெத்தாங்க் ஆடுகிறார்கள். சின்ன மரப்பந்துக்குப் பக்கத்தில் இரும்புக் குண்டுகளை வீசும் பிரெஞ்சு ஆட்டம் அது. 1954-ல் பிரெஞ்சு நிர்வாகம் போனது. 1962-ல் சட்டப்படியான ஒப்படைப்பு முடிந்தது. பலர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள். குடியுரிமை, ஓய்வூதியம், மொழி, குடும்ப மரியாதை எல்லாம் அந்தச் சிறு மைதானத்தில் ஒன்றாகக் கூடுகின்றன. அதே ஊரில், 1940-களிலேயே அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை உடற்பயிற்சியைக் கல்வியின் பகுதியாக்கினார். பெண்களும் அரைக்கால் சட்டையோடு மைதானத்தில் இறங்கினார்கள். அக்காலத் தமிழ்நாட்டில் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கிரிக்கெட்டுக்கு வருவோம். 2018-19 பருவத்தில் புதுச்சேரி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையில் ஆடியது. துத்திப்பட்டில் முதல்தரப் போட்டிகளுக்கான மைதானம் வந்தது. முதல் பருவத்திலிருந்தே அணியில் உள்ளூர்ப் பையன்கள் எத்தனை பேர், வெளி மாநிலத்தார் எத்தனை பேர் என்ற சர்ச்சை செய்திகளில் வந்தபடி இருக்கிறது. 'மண்ணின் மைந்தர்' என்பதற்கு விளையாட்டில் என்ன பொருள், அதை எந்த ஆவணம் தீர்மானிக்கிறது என்று கேட்டால் அரசியல் அறிவியலும் சமூகவியலும் சேர்ந்த நல்ல ஆய்வு கிடைக்கும்.

கடலூரின் பெரிய கதை பெண்கள் கால்பந்து. கடலூரைச் சேர்ந்த இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி அணி 2017-18 இந்திய மகளிர் லீகில் ஆடியது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியில் இருப்பவர். பெரிய கிளப்போ பெருநிறுவனப் பணமோ இல்லாத ஒரு ஊரிலிருந்து இத்தனை பெண்கள் எப்படி வந்தார்கள்? குடும்பத்தில் யார் சம்மதித்தார்கள், எந்த வயதில் யார் நிறுத்தினார்கள், காவல்துறை வேலை என்ற நம்பிக்கை எவ்வளவு பேரை மைதானத்தில் தங்க வைத்தது? தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டை இந்தக் கேள்வியிலிருந்து பிரிக்க முடியாது. அந்த ஒதுக்கீடு பல குடும்பங்களுக்கு விளையாட்டை 'வேலைக்கான வழி' ஆக்குகிறது. அதன் நன்மை என்ன, விலை என்ன என்பதை ஆட்டக்காரர்களின் வாயிலிருந்தே கேட்டு எழுத வேண்டும்.

நெய்வேலியும் இருக்கிறது. நிலக்கரி நிறுவனத்தின் குடியிருப்புக்குள் பாரதி விளையாட்டரங்கம். சுற்றிலும் நிலம் கொடுத்த கிராமங்கள். அரங்கத்தின் கதவு யாருக்கு, எந்த நேரத்தில் திறக்கிறது என்பதே ஓர் ஆய்வுத் தலைப்பு.

எந்தப் பட்டம் எடுப்பது?

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. இந்தியாவில் 'விளையாட்டுச் சமூகவியல் உதவிப் பேராசிரியர்' என்ற பெயரில் பணியிட விளம்பரம் வருவது மிக அரிது. இந்தத் துறை பிற துறைகளுக்குள் ஒரு தாளாகவோ, ஒரு ஆய்வுத் தலைப்பாகவோதான் பெரும்பாலும் இருக்கிறது. ஆகவே முதலில் தாய்த்துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளையாட்டு அந்தத் துறைக்குள் உங்கள் ஆய்வுப் பொருளாக இருக்கும். வழிகள் இரண்டு.

1. சமூகவியல் வழி. ஏதேனும் ஒரு இளங்கலைப் பட்டம், பிறகு எம்.ஏ. சமூகவியல், நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு), முனைவர் பட்டம். தமிழ்நாட்டில் இளங்கலையிலேயே சமூகவியல் தரும் கல்லூரிகள் குறைவு. ஆனால் எம்.ஏ. சமூகவியலில் சேர, பல பல்கலைக்கழகங்களில் வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். காலாப்பட்டிலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையும் உடற்கல்வி, விளையாட்டுத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. முதுகலைச் சேர்க்கை சியுஇடி என்ற தேசியப் பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. ஒரு துறையில் பதிவு செய்துகொண்டு, இன்னொரு துறையின் கருத்தரங்குகளில் போய் உட்காரும் வசதி எல்லா ஊரிலும் கிடைக்காது.

2. உடற்கல்வி வழி. பி.பி.எட்., எம்.பி.எட்., பிறகு உடற்கல்வியில் நெட், முனைவர் பட்டம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் உடற்கல்வித் துறை உண்டு. பல இடங்களில் விளையாட்டு உளவியலோடு சேர்த்துச் சமூகவியலையும் ஒரு பாடமாக நடத்துகிறார்கள். இந்த வழியில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: ஆய்வு கைகூடாவிட்டாலும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகவோ, கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகவோ ஆகலாம். கல்லூரி இயக்குநர் பணிக்கு நெட்டோடு உடற்தகுதித் தேர்வும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 30 வயது வரையுள்ள ஆண்கள் 12 நிமிடத்தில் 1800 மீட்டரும், பெண்கள் 8 நிமிடத்தில் 1000 மீட்டரும் கடக்க வேண்டும்.

இரண்டில் எது என்றால், ஆய்வே குறிக்கோள் என்பவர்களுக்குச் சமூகவியல் வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். களப்பணி முறைகள், சாதி, பால் பற்றிய கோட்பாடுகள், நேர்காணல் எடுக்கும் பழக்கம் ஆகியவை அங்கேதான் ஆழமாகக் கிடைக்கும். உடற்கல்வித் துறைகளில் இந்தத் தலைப்பில் செய்யப்படும் ஆய்வுகள் பல, கேள்விப் படிவம் ஒன்றைக் கொடுத்து மதிப்பெண் கூட்டிச் சராசரி காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. குடும்பச் சூழ்நிலையால் சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்பவர்களுக்கு உடற்கல்வி வழி நியாயமான தேர்வு.

இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? எம்.பி.எட். முடித்தவர் சமூகவியல் சார்ந்த தலைப்பில் முனைவர் பட்டம் பெற்றாலும், சமூகவியல் துறை உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது "முதுகலை எந்தப் பாடம்?" என்று கேட்பார்கள். சம்பந்தப்பட்ட அல்லது அதை ஒட்டிய பாடத்தில் முதுகலை வேண்டும் என்பது 2018 விதி. மறுபக்கமும் அப்படியே. பாடம் மாறியவர்களுக்கும் வழிவிடும் விதத்தில் 2025 ஜனவரியில் யுஜிசி ஒரு வரைவை வெளியிட்டது. ஆனால் ஒரு வரைவை நம்பி யாரும் ஐந்தாண்டுப் படிப்பைத் திட்டமிட வேண்டாம்.

நெட், உதவித்தொகை, காலம்

நெட் தேர்வு வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் சுழற்சிகளில் நடக்கிறது. சமூகவியலின் பாட எண் 05, உடற்கல்வியின் எண் 47. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். ஓபிசி (கிரீமி லேயர் அல்லாதோர்), எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட பிரிவினருக்கு 50. இரண்டு தாள்களும் சேர்த்து 150 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். மொழிப் பாடங்களைத் தவிர மற்றவற்றுக்கு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழ்வழியில் படித்தவர்கள் சமூகவியல் கலைச்சொற்களை எம்.ஏ. முதலாண்டிலேயே ஆங்கிலத்திலும் பழகிக்கொள்வது நல்லது. கடைசி மூன்று மாதத்தில் அதைச் செய்ய முடியாது.

மேல்வரிசையில் தேறினால் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை. 2023 தொடக்கத்திலிருந்து முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன் பின் 42,000. இதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு. 2024 ஜூனிலிருந்து நெட் மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுகிறது. மாநில அளவிலான தகுதித் தேர்வான செட் தேறினால் அந்த மாநிலக் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியராகலாம், ஆனால் ஆய்வு உதவித்தொகை வராது. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, சாதாரணமாக ஆறு ஆண்டு வரை அவகாசம். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அந்தச் சம்பளத்துக்கு வந்து சேர இளங்கலையிலிருந்து எண்ணினால் பத்து ஆண்டுகள் ஆகலாம். நடுவில் கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த ஊதியத்தில் ஓட்ட வேண்டிய காலமும் வரலாம். சேரும் முன்பே இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே

ஆசிரியப் பணி மட்டும்தான் என்றால் இந்த வழி மிகக் குறுகியது. வெளியே கொஞ்சம் இடம் இருக்கிறது, ஆனால் அங்கும் பதவியின் பெயர் வேறாக இருக்கும்.

மும்பையில் 1999-ல் தொடங்கிய மேஜிக் பஸ், நாக்பூரில் தொடங்கிய ஸ்லம் சாக்கர் போன்ற அமைப்புகள் விளையாட்டு வழியாகக் குழந்தைகளின் கல்வி, பாலின சமத்துவம் ஆகியவற்றில் வேலை செய்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் "இந்தத் திட்டம் உண்மையில் எதை மாற்றியது?" என்று களத்தில் போய்ப் பார்த்து எழுத ஆள் தேவைப்படுகிறது. நேர்காணலும் எண்ணிக்கையும் இரண்டும் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு.

கம்பெனிச் சட்டம் 2013, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அனுமதிக்கப்பட்ட பணிகளின் பட்டியலில் கிராமப்புற விளையாட்டு, பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் உண்டு. சட்டம் இப்படி இருக்கும்போது, அந்தப் பணம் எந்தக் கிராமத்துக்குப் போகிறது, சீருடை கொடுத்துப் படம் எடுப்பதோடு முடிகிறதா என்று மதிப்பிடும் வேலையும் உருவாகிறது.

2025 தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் விளையாட்டுச் சம்மேளனங்களின் நிர்வாகக் குழுவில் பெண்களுக்கும் சாதனை படைத்த வீரர்களுக்கும் இடத்தைக் கட்டாயமாக்குகிறது. பெண்களையும் சிறார்களையும் பாதுகாக்கும் கொள்கை வேண்டும் என்கிறது. 2023-ல் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து போராடியதை மறந்திருக்க மாட்டோம். புகார் எப்படி எழுகிறது, எழாமல் எப்படி அடக்கப்படுகிறது, பயிற்சியாளருக்கும் பதின்ம வயதுப் பெண்ணுக்கும் நடுவே அதிகாரம் எப்படிச் செயல்படுகிறது என்பதெல்லாம் இந்தப் படிப்பின் மையப் பாடங்கள். காகிதத்தில் உள்ள கொள்கையை மாவட்ட அளவுக்குக் கொண்டுவர, இதைப் படித்தவர்கள் தேவை. வேலைவாய்ப்பு எத்தனை வரும் என்பதைவிட, இந்த வேலை நடந்தே ஆக வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

விளையாட்டுப் பத்திரிகை எழுத்தும் உண்டு. தமிழில் ஸ்கோர் எழுத ஆள் இருக்கிறார்கள். மாவட்டச் சங்கத் தேர்தல் எப்படி நடந்தது, விடுதி மாணவிகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுத ஆள் குறைவு.

இளங்கலை படிக்கும்போதே தொடங்க வேண்டியவை

சரி, இப்போது கல்லூரியில் இருப்பவர் என்ன செய்யலாம்?

1. ஒரு களத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு பருவம் முழுக்கப் போய் வாருங்கள். தேவனாம்பட்டினக் கடற்கரையில் ஆடும் பையன்களோ, மஞ்சக்குப்பம் மைதானத்தின் காலை நடைக்காரர்களோ, எதுவும் சரிதான். யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று அன்றன்றே எழுதி வையுங்கள். தேதியும் நேரமும் கட்டாயம்.

2. பேசுபவரிடம் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். சாதி பற்றிக் கேட்கும்போது பெயரையும் தெருவையும் மாற்றி எழுதுங்கள். நீங்கள் ஊருக்குப் போன பிறகும் அவர்கள் அங்கேதான் விளையாட வேண்டும்.

3. பழைய போட்டி நோட்டீஸ்கள், கோப்பைகளில் பொறித்த பெயர்கள், கிளப் கணக்கு நோட்டுகள் ஆகியவற்றைப் படம் எடுத்துச் சேருங்கள். இவற்றை எந்த நூலகமும் சேர்த்து வைப்பதில்லை. நூலகம் என்று வந்தால், 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சமூக அறிவியல் நூல்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

4. முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியைத் தேடும்போது, விளையாட்டில் நிபுணர் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். சாதி, பாலினம், இளைஞர், உழைப்பு ஆகியவற்றில் களப்பணி செய்தவராகப் பாருங்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பருவத்துக் குறிப்புகள் இருந்தால், மைதானத்தைப் பற்றி நீங்களே அவருக்குச் சொல்லலாம்.